வினூ மன்கட்

வினூ மன்கட் (ஏப்ரல் 12, 1917 - ஆகஸ்டு 21, 1978) இந்தியத் துடுப்பாட்ட (கிரிக்கெட்) வீரர். இயற்பெயர் முல்வந்திராய் இம்மத்லால் மன்கட். வலக்கை மட்டையாளர், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். 44 டெஸ்ட் போட்டிகளில் 2109 ஓட்டங்களும் 162 விக்கெட்டுகளும் பெற்றார். இவ்வளவு சாதித்தவரின் பெயர், அவர் ஒரு மட்டையாளரை ஆட்டமிழக்கச் செய்த முறைக்கே அடையாளமாக நிலைத்துவிட்டது.

இளமை

நவாநகர் அரசின் தலைநகரான ஜாம்நகரில் பிறந்தார். வினூ என்பது பள்ளிக்காலச் செல்லப்பெயர். சசெக்ஸ் அணி வீரரான ஆல்பர்ட் வென்சிலி இவருக்குப் பயிற்சி அளித்தார். 1937-38இல் இந்தியா வந்த டென்னிசன் பிரபுவின் அணிக்கு எதிராகச் சிறப்பாக ஆடிக் கவனம் பெற்றார். இரண்டாம் உலகப்போரால் டெஸ்ட் ஆட்டங்கள் தடைபட்டதால், 1946இல் லார்ட்சில் தம் முதல் டெஸ்ட் போட்டியில் ஆடியபோது இவருக்கு வயது 29. அச்சுற்றுப்பயணத்தில் 1000 ஓட்டங்களையும் 100 விக்கெட்டுகளையும் கடந்தார்.

சிட்னி நிகழ்வு

1947-48இல் லாலா அமர்நாத் தலைமையில் இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றது. நவம்பரில் சிட்னியில் நடந்த ஆட்டமொன்றில், மறுமுனையில் நின்ற பில் பிரவுன், மன்கட் பந்தை விடுவதற்கு முன்பே கோட்டைவிட்டு நகர்ந்தார். மன்கட் முதலில் எச்சரித்தார். பிரவுன் மீண்டும் அவ்வாறே செய்ததால், பந்தை வீசாமல் குச்சிகளின் மேலிருந்த கட்டையைத் தட்டி அவரை ஆட்டமிழக்கச் செய்தார்.

டிசம்பர் 13 அன்று அதே சிட்னியில், இரண்டாவது டெஸ்ட் போட்டியில், பிரவுன் 18 ஓட்டங்கள் எடுத்திருந்தபோது இது மறுபடியும் நிகழ்ந்தது. இம்முறை முன்னெச்சரிக்கை இல்லை. டெஸ்ட் வரலாற்றில் ஒருவர் இவ்விதம் ஆட்டமிழந்தது அதுவே முதல்முறை. ஆஸ்திரேலியச் செய்தித்தாள்கள் சில, இது விளையாட்டு நெறிக்குப் புறம்பானது என்று எழுதின. ஆனால் எதிரணித் தலைவராகிய டான் பிராட்மன், தம் தன்வரலாற்று நூலில் மன்கட்டின் பக்கம் நின்றார். விதி மறுமுனை மட்டையாளரைக் கோட்டுக்குள் இருக்கச் சொல்கிறது. முன்னரே நகர்வதால் அவர் முறையற்ற நன்மை பெறுகிறார் என்பது அவர் கருத்து.

இவ்வழக்கைப் பிடி (கேட்ச்) குறித்த தகராறுகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பந்து தரையைத் தொட்டதா இல்லையா என்னும் ஐயத்தில், நடந்தது என்ன என்பதே வினா. அங்கே பிடித்தவரின் சொல்லுக்கு மதிப்புண்டு. நடுவரின்றி ஆடப்படும் அல்டிமேட் ஃபிரிஸ்பீயில், தட்டு பிடிபட்டதா என்பதை ஆட்டக்காரர்களே பேசி முடிவு செய்கின்றனர். சிட்னியிலோ நடந்தது என்ன என்பதில் எவருக்கும் ஐயமில்லை. விதி அனுமதிப்பதைச் செய்யலாமா என்பதே வினா. கோட்டைத் தாண்டியவரை விட்டுவிட்டு, அதைச் சுட்டியவரை நெறியற்றவர் என்பது விந்தையானதே.

சென்னையில்

மன்கட்டின் பெருஞ்சாதனைகள் இரண்டு சென்னையில் நிகழ்ந்தன. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தின் முதல் ஆட்டப்பகுதியில் 55 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகளும், இரண்டாவதில் 53 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளும் வீழ்த்தினார். டெஸ்ட் போட்டிகளில் இந்தியா பெற்ற முதல் வெற்றி இதுவேயாகும்.

1956 சனவரியில் மாநகராட்சி விளையாட்டரங்கில் (பின்னாளில் நேரு விளையாட்டரங்கம்) நியூசிலாந்துக்கு எதிராகப் பங்கஜ் ராயுடன் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தார். முதல் நாள் முழுவதும் விக்கெட் விழவில்லை. மன்கட் 231, ராய் 173. இவ்விணையின் உலக சாதனை 2008 வரை, அதாவது 52 ஆண்டுகள் நிலைத்தது. தனிமனித எண்ணிக்கையான 231ஐ 1983இல் சுனில் கவாஸ்கர் கடந்ததும் சென்னையிலேதான்.

லார்ட்ஸ், 1952

அணியில் இடம் உறுதி என்று தேர்வாளர்கள் சொல்ல மறுத்ததால், மன்கட் 1952இல் லங்காசயரின் ஹாஸ்லிங்டன் கழகத்தில் ஒப்பந்தமாகியிருந்தார். முதல் டெஸ்டில் இந்தியா தோற்ற பின்னரே அவரை அழைத்தனர். லார்ட்சில் 72, 184 ஓட்டங்கள் எடுத்தார்; இடையில் 73 ஓவர்கள் வீசி 5 விக்கெட்டுகளும் எடுத்தார். இங்கிலாந்தே வென்றது, எனினும் அப்போட்டி மன்கட்டின் பெயராலேயே வழங்கப்படுகிறது.

பிற்காலம்

ஆறு டெஸ்ட் போட்டிகளில் அணித்தலைவராக இருந்தார். 1959இல் டெஸ்ட் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். 1973இல் பத்மபூசண் விருது பெற்றார். மகன் அசோக் மன்கட்டும் டெஸ்ட் வீரர். 1978இல் பம்பாயில் காலமானார். 2021இல் ஐசிசி புகழ் அவையில் சேர்க்கப்பட்டார்.

பெயரும் விதியும்

இவ்வகை ஆட்டமிழப்பு "மன்கடிங்" எனப்பட்டது. சிறந்த வீரர் ஒருவரின் பெயரை இழிபொருளில் வழங்கலாகாது எனக் கவாஸ்கர் உள்ளிட்டோர் எதிர்த்தனர். 2012இல் பிரிஸ்பேனில் தமிழ்நாட்டின் இரவிச்சந்திரன் அசுவின் இலங்கையின் திரிமான்னேயை இவ்வாறு ஆட்டமிழக்கச் செய்தபோது, அணித்தலைவர் சேவாக் முறையீட்டைத் திரும்பப் பெற்றார். 2019 ஐபிஎல் தொடரில் ஜெய்ப்பூரில் ஜோஸ் பட்லரை ஆட்டமிழக்கச் செய்தபோது அசுவினே அணித்தலைவர். முறையீடு நிலைத்தது, சர்ச்சையும் எழுந்தது. 2022 அக்டோபர் 1 முதல் மெரில்போன் துடுப்பாட்டக் கழகம் இதனை முறையற்ற ஆட்டம் பற்றிய 41ஆம் விதியிலிருந்து நீக்கி, ஓட்டத்தில் ஆட்டமிழத்தல் (ரன் அவுட்) பற்றிய 38ஆம் விதியில் சேர்த்தது. சிட்னி ஆட்டக்குறிப்பில் பிரவுனின் பெயருக்கு எதிரே இருப்பதும் ரன் அவுட் என்பதே.