நாணய வரலாறு எழுதிய அல்லாமா மக்ரீஸீ (ரஹ்)

ஜகாத் கணக்குப் பார்க்கும்போது இருபது தீனார் தங்கம், இருநூறு திர்ஹம் வெள்ளி என்று சொல்கிறோம். அந்தத் தீனாரும் திர்ஹமும் எவ்வளவு எடை, எந்தக் கலீபா காலத்தில் எவ்விதம் அச்சிடப்பட்டன, பிற்கால அரசர்கள் அவற்றை என்ன பாடு படுத்தினர் என்பதையெல்லாம் தேடித் தொகுத்த பேரறிஞர், எகிப்தின் தகியுத்தீன் அஹ்மத் அல்மக்ரீஸீ (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 766ல் (கி.பி. 1364) கெய்ரோவில் பிறந்தார்கள். தாய்வழிப் பாட்டனார் ஹனபி மத்ஹபின் பெரிய ஆலிம். அவரிடம் வளர்ந்த பேரர், வாலிப வயதில் ஷாபிஈ மத்ஹபுக்கு மாறினார்கள். இப்னு கல்தூன் (ரஹ்) கெய்ரோவுக்கு வந்து பாடம் நடத்தியபோது அவரிடமும் பயின்றார்கள்.

1399ல் சுல்தான் பர்கூக் அன்னாரைக் கெய்ரோவின் முஹ்தஸிபாக நியமித்தார். கடைத்தெருவின் தராசு, படிக்கல், மரக்கால், ரொட்டியின் எடை ஆகியவற்றைக் கண்காணிக்கும் பதவி அது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் சூரத்துல் முதஃப்பிஃபீனை ஓதிய ஆலிமுக்கு, அதைச் சந்தையில் அமல்படுத்தும் பொறுப்பு வந்தது. சில மாதங்களிலேயே பதவி கைமாறியது. பெற்றவர் வேறு யாருமல்லர், ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரை எழுதிய பத்ருத்தீன் அல்ஐனீ (ரஹ்) அவர்களே! இருவருக்கும் இதனால் மனக்கசப்பு இருந்ததை மறைப்பதற்கில்லை. பின்னரும் அப்பதவி மக்ரீஸீ அவர்களிடம் வந்துபோயிற்று.

ஹிஜ்ரி 806ல் நைல் நதி போதிய அளவு பெருகவில்லை. பஞ்சமும் கொள்ளைநோயும் நாட்டைச் சூறையாடின. எல்லோரும் நதியை நொந்துகொண்டிருந்தபோது, 808 முஹர்ரமில் (1405) அன்னார் 'இகாஸதுல் உம்மா' என்ற சிறு நூலை எழுதினார்கள். எகிப்து இதற்கு முன்பும் பல பஞ்சங்களைக் கண்டு மீண்டிருக்கிறது. இது மட்டும் ஏன் நீள்கிறது என்று கேட்டு மூன்று காரணங்களைக் கண்டார்கள். காஜி பதவி முதல் முஹ்தஸிப் பதவி வரை லஞ்சத்துக்கு விற்கப்பட்டது ஒன்று. நிலக் குத்தகை ஏறியது இரண்டு. செம்புக் காசான ஃபுலூஸ் பெருகியது மூன்று.

மூன்றாவதில்தான் அன்னாரின் நுட்பம் தெரிகிறது. செம்புக்காசு முன்பெல்லாம் கீரை, காய் வாங்கும் சில்லறை. அரசு அதிகாரிகள் லாபத்துக்காகச் செம்பைக் குவித்து அச்சடித்தனர். வெள்ளியோ உருக்கப்பட்டுப் பாத்திரமாகவும் நகையாகவும் மாறிற்று. கூலி, சம்பளம், விலை எல்லாம் செம்பில் என்றாயிற்று. தானியத்தின் விலையைத் தங்கத்தில் கணக்கிட்டால் அது பெரிதாக ஏறவில்லை, செம்பில் கணக்கிட்டால்தான் மலையாக ஏறியிருக்கிறது என்று காட்டினார்கள். மக்களை ஏழு வகுப்பாகப் பிரித்து, யாருக்கு என்ன நேர்ந்தது என்றும் ஆராய்ந்தார்கள். பிழைத்திருந்த தொழிலாளிக்குக் கூலி உயர்ந்தது. வக்பின் நிலையான உதவித்தொகையில் வாழ்ந்த மதரஸா மாணவர்களும் ஆலிம்களும் நடைப்பிணங்களாயினர்.

அன்னாரின் முடிவு முழுவதும் சரியென்று நாம் சாதிக்கவில்லை. அக்காலத்தில் ஐரோப்பாவிலும் வெள்ளித் தட்டுப்பாடு இருந்ததை இன்றைய ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டுகின்றனர். ஆயினும் ஆட்சியாளரின் தவற்றை, அவர்கள் ஆட்சியிலேயே வாழ்ந்துகொண்டு எழுத எத்தனை பேர் துணிவர்?

பின்னர் திமிஷ்கில் வக்பு நிர்வாகமும் மதரஸா ஆசிரியப் பணியும் பார்த்தார்கள். அங்கே காஜி பதவி தேடி வந்தபோது மறுத்துவிட்டார்கள். சுல்தான் முஅய்யத் ஷைக் மீண்டும் வெள்ளி நாணயம் வெளியிட்ட காலத்தில், நாணயங்களைப் பற்றித் தனி நூல் இயற்றினார்கள். கலீபா அப்துல் மலிக்கின் நாணயச் சீர்திருத்தமும், பத்துத் திர்ஹம் ஏழு மித்கால் என்ற எடைக்கணக்கும் அதில் விளக்கம் பெறுகின்றன. 1797ல் அது பிரெஞ்சிலும் வந்தது.

எஞ்சிய நாட்களில் பதவி எதையும் நாடாமல், கெய்ரோ வீட்டில் எழுத்திலும் இபாதத்திலும் கழித்தார்கள். சில ஆண்டுகள் மக்காவிலும் தங்கினார்கள். கெய்ரோவின் தெருக்களையும் பள்ளிகளையும் சந்தைகளையும் விவரிக்கும் 'கிதத்' என்னும் பெருநூலும் அன்னாருடையதே. ஹிஜ்ரி 845 ரமளானில் (1442) வபாத்தாகி, பாபுந் நஸ்ருக்கு வெளியே ஸூஃபியாக்களின் மையவாடியில் அடக்கப்பட்டார்கள். அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக, ஆமீன்.