ஜெப் கூப்பர்

ஜெப் கூப்பர் (மே 10, 1920 – செப்டம்பர் 25, 2006) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கடற்படைக் காலாட்படை அதிகாரியும் துப்பாக்கிப் பயிற்சியாளரும் எழுத்தாளரும் ஆவார். ஜான் டீன் கூப்பர் என்பது இவரது இயற்பெயர். நடைமுறைத் துப்பாக்கி சுடுதல் எனப்படும் விளையாட்டை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். இவ்விளையாட்டுக்கு எவ்வகைக் கைத்துப்பாக்கி ஏற்றது என்ற கேள்வி இவரது வாழ்நாள் முழுவதும் இவரைத் தொடர்ந்தது.

பிறப்பும் பணியும்

கூப்பர் கலிபோர்னியா மாநிலத்தின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பயின்றார். 1941ஆம் ஆண்டு கடற்படைக் காலாட்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பகுதியில் பென்சில்வேனியா என்னும் போர்க்கப்பலில் பணியாற்றினார். 1949இல் பதவி விலகினார். கொரியப் போரின்போது மீண்டும் அழைக்கப்பட்டு லெப்டினன்ட் கர்னல் நிலைக்கு உயர்ந்தார். போருக்குப் பின் வரலாற்று ஆசிரியராகப் பணிபுரிந்தார். ரிவர்சைடில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

பிக் பேர் போட்டிகள்

அக்காலத்துக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் வீரர் அசையாது நின்று, ஒரு கையை நீட்டி, குறிப்பிட்ட தொலைவில் உள்ள வட்ட இலக்கைச் சுடுவதே வழக்கம். அதற்கெனத் தனியாகச் செய்யப்பட்ட துப்பாக்கிகள் அன்றாடம் இடுப்பில் அணிய ஏற்றவை அல்ல. இம்முறை உண்மையான ஆபத்து வேளைக்கு உதவாது என்று கூப்பர் கருதினார். 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரிப் பகுதியில் திறந்த போட்டிகளை நடத்தத் தொடங்கினார். எந்தத் துப்பாக்கியையும் எந்த முறையையும் கையாளலாம் என்பது இவற்றின் அடிப்படை. துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, விரைவாகவும் சரியாகவும் சுடுபவரே வென்றார்.

தொடக்கத்தில் கூப்பர் உட்படப் பலரும் இடுப்பளவில் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டனர். 1959ஆம் ஆண்டுப் போட்டியில் ஜாக் வீவர் என்ற ஷெரீப் துறைக் காவலர், .38 அளவுள்ள ஸ்மித் அண்டு வெசன் சுழல் துப்பாக்கியை இரு கைகளாலும் பற்றிக் கண் மட்டத்துக்கு உயர்த்திச் சுட்டு வென்றார். கூப்பர் தமது பழைய முறையைக் கைவிட்டு வீவரின் முறையை ஏற்றுக்கொண்டார். தமது எழுத்துகளின் மூலம் அதை உலகெங்கும் பரப்பியவரும் இவரே.

துப்பாக்கித் தேர்வு பற்றிய கருத்து

வீவரின் நிற்கும் முறையை ஏற்ற கூப்பர், அவரது சுழல் துப்பாக்கியை ஏற்கவில்லை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த, .45 அளவுள்ள 1911 வகைத் துப்பாக்கியையே பரிந்துரைத்தார். தெளிவாகத் தெரியும் குறிகாட்டிகள், சீராக இயங்கும் விசை, கையைக் கீறாத வழவழப்பான விளிம்புகள் ஆகிய மூன்றும் இருந்தால் போதும் என்பதும், கூடுதல் அலங்காரங்கள் தேவையில்லை என்பதும் இவரது கருத்து. முதல் தோட்டாவுக்கு மட்டும் விசையை நீண்ட தூரம் இழுக்க வேண்டிய இரட்டைச் செயல் துப்பாக்கிகளை இவர் விரும்பவில்லை.

பன்னாட்டுக் கூட்டமைப்பு

1976ஆம் ஆண்டு மே மாதம் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் நடந்த மாநாட்டில் பன்னாட்டு நடைமுறைத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு தோன்றியது. கூப்பர் அதன் முதல் தலைவரானார். துல்லியம், ஆற்றல், வேகம் எனப் பொருள்படும் டிலிஜென்சியா, விஸ், செலெரிடாஸ் என்ற இலத்தீன் சொற்கள் அதன் குறிக்கோளாயின.

இம்மூன்றையும் சமநிலையில் வைப்பதற்காகவே ஆற்றல் எண் பயன்படுகிறது. தோட்டாவின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் கணக்கிட்டு, இரண்டையும் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். 230 கிரெயின் எடையுள்ள .45 தோட்டா 830 அடி வேகத்தில் சென்றால் இவ்வெண் ஏறத்தாழ 191 ஆகும். 115 கிரெயின் எடையுள்ள 9 மில்லிமீட்டர் தோட்டா 1150 அடி வேகத்தில் சென்றால் 132 மட்டுமே. முன்னது மேஜர், பின்னது மைனர் என்னும் வகையைச் சேரும். இலக்கின் நடுப்பகுதியில் பட்டால் இரு வகைக்கும் 5 புள்ளிகள். அடுத்த பகுதிக்கு மேஜருக்கு 4, மைனருக்கு 3; வெளிப்பகுதிக்கு முறையே 2, 1. பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்துத் தகுதி கணிக்கப்படுகிறது. ஆகவே பெரிய தோட்டாவைத் தேர்ந்தவர் பின்னுதைப்பைத் தாங்க வேண்டும். சிறிய தோட்டாவைத் தேர்ந்தவர் நடுவில் சுட வேண்டும்.

1977இல் ரொடீசியாவில் (இன்றைய சிம்பாப்வே) நடந்த உலகப் போட்டியில் அந்நாட்டின் டேவ் வெஸ்டர்ஹவுட் 9 மில்லிமீட்டர் பிரவுனிங் ஐ-பவர் துப்பாக்கியால் வென்றார். சிறிய தோட்டாவும் திறமையானவர் கையில் வெல்லும் என்பதைக் கூப்பர் வகுத்த ஆட்டமே காட்டியது.

பயிற்சிப் பள்ளியும் பிரென் டென்னும்

1976இல் கூப்பர் அரிசோனா மாநிலத்தின் பால்டன் பகுதியில் அமெரிக்கக் கைத்துப்பாக்கிக் கழகம் என்ற பள்ளியைத் தொடங்கினார். இது கன்சைட் என அறியப்படுகிறது. எல்லாத் துப்பாக்கிகளிலும் எப்போதும் தோட்டா இருப்பதாகவே கருதுதல், அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலை நீட்டாமை, குறி பார்க்கும்வரை விசையில் விரலை வைக்காமை, இலக்கையும் அதற்கு அப்பால் உள்ளதையும் அறிதல் ஆகிய நான்கு பாதுகாப்பு விதிகளை இவர் பரப்பினார். இவ்விதிகள் இன்றும் பல நாடுகளில் கற்பிக்கப்படுகின்றன.

10 மில்லிமீட்டர் தோட்டாவுக்கென உருவான பிரென் டென் துப்பாக்கியின் திட்டத்திலும் இவருக்குப் பங்கு உண்டு. 1983இல் விற்பனைக்கு வந்த இத்துப்பாக்கிக்குத் தோட்டாக் கூடுகள் போதிய அளவில் கிடைக்கவில்லை. 1986இல் உற்பத்தி நிறுவனம் மூடப்பட்டது. ஆயினும் அத்தோட்டாவைச் சுருக்கி 1990இல் உருவாக்கிய .40 தோட்டா பின்னர் போட்டியாளர்களிடையே பெரிதும் பரவியது.

விளையாட்டின் மாற்றம்

1980களில் பின்னுதைப்பைக் குறைக்கும் குழல்முனைக் கருவிகள் பொருத்திய துப்பாக்கிகள் பெருகின. 1990இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியில் டக் கோனிக் ஒளிப்புள்ளிக் குறிகாட்டியுடன் வென்றார். அன்றாடம் அணிய முடியாத துப்பாக்கிகள் வெல்லும் நிலையைக் கூப்பர் கண்டித்தார். தாம் எதிர்த்த வட்ட இலக்குப் போட்டியின் குறை தம் விளையாட்டிலேயே தோன்றியதாக இவர் கருதினார். எனினும், எதையும் கொண்டுவரலாம் என்ற இவரது தொடக்க விதியிலிருந்தே இம்மாற்றம் பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னர்த் துப்பாக்கிகளின் தன்மைக்கேற்பத் தனித்தனிப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. எல்லாக் கருவிகளுக்கும் இடமளிப்பது திறந்த பிரிவு. மாற்றம் அதிகமில்லாத துப்பாக்கிகளுக்கு உரியது உற்பத்திப் பிரிவு. அதில் அனைவருக்கும் மைனர் கணக்கே உண்டு. 1911 வகைக்கு உரியது செவ்வியல் பிரிவு. சுழல் துப்பாக்கிக்கும் தனிப் பிரிவு உண்டு. இதனால் புதியவர் ஒருவர் முதலில் பிரிவையும் பிறகு துப்பாக்கியையும் தேர்வது வழக்கமாயிற்று.

இறுதிக் காலம்

கூப்பர் 1992இல் பள்ளியை விற்றார். தொடர்ந்து துப்பாக்கி இதழ்களில் எழுதிவந்தார். இவரது அரசியல் கருத்துகள் சில கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று பால்டனில் உள்ள தமது இல்லத்தில் 86ஆம் அகவையில் காலமானார்.