இசம்பார்டு புருனெல்

இங்கிலாந்து நாட்டிலே 1806ஆம் ஆண்டில் பிறந்த இசம்பார்டு கிங்டம் புருனெல், பாலங்களும் இருப்புப் பாதைகளும் அமைத்துப் புகழெய்திய பொறியியல் வல்லுநர். மரக் கப்பல்கள் மலிந்திருந்த அந்நாளில், 322 அடி நீளமுள்ள 'கிரேட் பிரிட்டன்' என்னும் நீராவிக் கப்பலை அவர் இரும்பினால் ஆக்குவித்தார். பிரிஸ்டல் நகரில் 1843இல் நீரில் இறங்கிய அதுவே அன்று உலகிற் பெரிய கப்பல்.

1846ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், நியூயார்க்கை நோக்கிப் புறப்பட்ட அக்கப்பல் வழி தவறி, அயர்லாந்தின் டண்ட்ரம் விரிகுடாவில் தரைதட்டி நின்றது. பயணிகள் உயிர் பிழைத்தனர். மலைபோற் கிடந்த கப்பலைக் காண மக்கள் திரண்டனர். வேடிக்கை பார்ப்போர்க்குக் குறைவில்லை, காப்போர்தாம் அரியராயினர்!

டிசம்பரில் ஆங்குச் சென்ற புருனெல், கப்பல் கேட்பாரற்றுக் கிடத்தல் கண்டு வெகுண்டார். மரக் கப்பலாயின் அலைமோதிச் சிதறியிருக்கும். இரும்புடலோ அடிப்புறம் பழுதுற்றும் உருக்குலையவில்லை. சுள்ளிக் கட்டுகளை அடுக்கிப் பிணித்து அலைத்தடுப்பு அமைக்குமாறு அவர் வழி கூறினார். கடல் அதனைக் கலைத்தது. கிளாக்ஸ்டன் என்னும் மாலுமி சோர்வின்றி மீண்டும் அடுக்குவித்தார். குளிர்காலம் கழிந்தது. 1847 ஆகஸ்டில் கப்பல் மிதந்தது.

ஆயினும், உரிமையாளரின் பொருள் கரைந்தது. கப்பல் பிறர் கைக்கு மாறி, ஆஸ்திரேலியாவிற்குக் குடியேறுவோரைச் சுமந்தது. புருனெல் 1859இல் மறைந்தார். அவர் கப்பலோ, 1970இல் தான் பிறந்த பிரிஸ்டல் துறைக்கே திரும்பி வந்தது.