தாதாபாய் நௌரோஜி

தாதாபாய் நௌரோஜி (செப்டம்பர் 4, 1825 – ஜூன் 30, 1917) இந்திய விடுதலை இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரும் பொருளியல் சிந்தனையாளரும் ஆவார். இந்தியாவின் முதுபெரும் தலைவர் என அழைக்கப்பட்டார். இந்திய தேசிய காங்கிரசின் தலைவராக மூன்று முறை (1886, 1893, 1906) பணியாற்றினார். 1892 முதல் 1895 வரை பிரித்தானிய மக்களவையின் உறுப்பினராக இருந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் ஈடின்றி வெளியேறுகிறது என்பதைப் புள்ளிவிவரங்களுடன் எடுத்துரைத்தார். இக்கருத்து செல்வச் சுரண்டல் கோட்பாடு எனப் பெயர் பெற்றது. இவருடைய பொருளியல் கருத்துகளில் பெரும்பாலானவை முதலில் பொதுக்கூட்டங்களிலும் சங்கங்களிலும் நிகழ்த்திய உரைகளாகவே வெளிவந்தன.

இளமையும் கல்வியும்

நவ்சாரியைப் பூர்வீகமாகக் கொண்ட ஏழைப் பார்சி குடும்பத்தில் நௌரோஜி பிறந்தார். இவருக்கு நான்கு வயதானபோது தந்தை நௌரோஜி பலன்ஜி தோர்தி காலமானார். தாய் மானெக்பாய் எழுத்தறிவு இல்லாதவராயினும், மகனைப் படிக்கவைப்பதில் உறுதியாக இருந்தார். அக்கால வழக்கப்படி 11 வயதிலேயே இவருக்குக் குல்பாயுடன் திருமணம் நடந்தது. மும்பையில் கட்டணம் இல்லாத பள்ளியில் படித்த இவர், பின்னர் எல்பின்ஸ்டன் கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். பொதுமக்கள் பணத்தில் கல்வி பெற்றதால் பொதுமக்களுக்குக் கடன்பட்டிருப்பதாக இவர் வாழ்நாள் முழுவதும் கருதினார்.

படிப்பு முடிந்ததும் அதே நிறுவனத்தில் ஆசிரியரானார். 1850களின் நடுப்பகுதியில் அங்குக் கணிதம், இயற்கை மெய்யியல் ஆகிய துறைகளின் பேராசிரியராக உயர்ந்தார். அந்நிறுவனத்தில் இந்தியர் ஒருவர் இப்பதவியை அடைந்தது அதுவே முதல் முறையாகும். 1849 இல் மும்பையில் பெண்களுக்கான பள்ளிகளைத் தொடங்கிய இளைஞர் குழுவில் இவரும் ஒருவர். குழுவினர் ஊதியமின்றிப் பாடம் நடத்தினர். 1851 இல் பார்சி சமயச் சீர்திருத்தத்துக்கான சபையின் தொடக்கத்தில் பங்கேற்றதுடன், ராஸ்த் கொஃப்தார் என்னும் குஜராத்தி இதழையும் தொடங்கினார்.

இங்கிலாந்தில் வணிகமும் பொதுப்பணியும்

1855 இல் காமா நிறுவனத்தின் கூட்டாளியாக நௌரோஜி இங்கிலாந்து சென்றார். இங்கிலாந்தில் அமைந்த முதல் இந்திய வணிக நிறுவனம் இதுவாகும். அபினி, மது ஆகியவற்றின் வணிகத்தில் உடன்பாடு இல்லாததால் அதிலிருந்து விலகி, 1859 இல் தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தை நிறுவினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் குஜராத்திப் பேராசிரியராகவும் இருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் பருத்தி விலை சரிந்து மும்பை வணிகர் பலர் நொடித்தனர். நௌரோஜியின் நிறுவனமும் அந்த நெருக்கடியில் வீழ்ந்தது.

இந்தியாவைப் பற்றி முடிவெடுக்கும் நாடாளுமன்றமும் அதைத் தேர்ந்தெடுக்கும் மக்களும் இந்தியாவைப் பற்றி மிகக் குறைவாகவே அறிந்திருந்தனர். உண்மை நிலையை எடுத்துரைத்தால் ஆங்கிலேயர் நியாயம் செய்வர் என்று நௌரோஜி நம்பினார். இதற்காக 1866 இல் இலண்டனில் கிழக்கிந்தியச் சங்கத்தை உருவாக்கினார். அதே ஆண்டு இலண்டன் இனவியல் கழகத்தில் உரையாற்றினார். ஆசியர்கள் ஐரோப்பியரைவிடத் தாழ்ந்தவர்கள் என்று அக்கழகத்தின் தலைவர் ஜான் கிராஃபர்டு முன்வைத்த கருத்தை அவ்வுரையில் மறுத்தார்.

பொருளியல் உரைகள்

1867 மே மாதம் கிழக்கிந்தியச் சங்கத்தில் இந்தியாவுக்கு இங்கிலாந்து ஆற்றவேண்டிய கடமைகள் பற்றி நௌரோஜி உரையாற்றினார். இந்தியாவில் திரட்டப்படும் வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்தின் செல்வத்தில் சேர்கிறது என்று அதில் கூறினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரிசாவில் கடும் பஞ்சம் ஏற்பட்டிருந்தது. எனவே இது வெறும் கணக்கு வழக்காக மட்டும் இருக்கவில்லை. விளைச்சல் பொய்த்த ஆண்டில் உயிர் பிழைக்கத் தேவையான சேமிப்பு மக்களிடம் ஏன் இல்லை என்பதே இவர் எழுப்பிய கேள்வி.

1870 இல் இலண்டனில் ஆற்றிய மற்றோர் உரையில் இந்தியரின் சராசரி வருமானத்தை மதிப்பிட முயன்றார். 1876 இல் கிழக்கிந்தியச் சங்கத்தின் மும்பைக் கிளையில் இந்தியாவின் வறுமை பற்றிப் படித்த கட்டுரையில் அக்கணக்கை விரிவாக்கினார். மாகாணம் மாகாணமாகச் சாகுபடி நிலப்பரப்பு, ஏக்கர் விளைச்சல், விலை ஆகியவற்றைக் கொண்டு வேளாண் உற்பத்தியின் மதிப்பைக் கண்டார். அதனுடன் உப்பு, நிலக்கரி, அபினி, கைத்தொழில், கால்நடை முதலியவற்றுக்கான தொகைகளையும், விடுபட்டவற்றுக்காக ஒரு தொகையையும் சேர்த்தார். பிரித்தானிய இந்தியாவின் 17 கோடி மக்களுக்கு மொத்தம் 34 கோடி பவுண்டு கிடைத்தது. அதாவது ஆளுக்கு ஆண்டுக்கு 2 பவுண்டு. அன்றைய நாணய மாற்றில் இது 20 ரூபாய். இந்தியாவின் தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முதல் முயற்சியாக இது கருதப்படுகிறது.

இத்தொகை போதுமானதா என்பதைக் காட்ட, சிறைக் கைதிகளின் உணவுக்கும் உடைக்கும் அரசு செய்த செலவை எடுத்துக்கொண்டார். அச்செலவு 20 ரூபாயைவிட மிகுதியாக இருந்தது. குற்றவாளிக்கு அரசே தேவை என்று ஒப்புக்கொண்ட அளவு உணவும் உடையும் சராசரி இந்தியருக்குக் கிடைக்கவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. சராசரி என்பது செல்வரையும் உள்ளடக்கியதாகையால் ஏழைகளின் நிலை இன்னும் மோசம் என்பதையும் சுட்டிக்காட்டினார்.

அரசின் புள்ளிவிவரங்களில் இருந்த பிழைகளையும் கணிதப் பேராசிரியரான இவர் வெளிப்படுத்தினார். பல மாவட்டங்களின் ஏக்கர் விளைச்சலைக் கூட்டி மாவட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து மாகாணச் சராசரி காணப்பட்டது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எவ்வளவு நிலம் பயிரிடப்பட்டது என்பது கணக்கில் கொள்ளப்படவில்லை. எடுத்துக்காட்டாக, 1,000 ஏக்கர் உள்ள மாவட்டத்தில் ஏக்கருக்கு 10 மூட்டையும், 9,000 ஏக்கர் உள்ள மாவட்டத்தில் ஏக்கருக்கு 4 மூட்டையும் விளைவதாகக் கொண்டால், அரசின் முறைப்படி சராசரி 7 மூட்டை ஆகும். நிலப்பரப்பைக் கணக்கில் கொண்டால் கிடைக்கும் சரியான சராசரி 4.6 மூட்டையே. இத்தகைய பிழைகளால் நாட்டின் வளம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்ற இடமிருந்தது.

மும்பையில் இக்கட்டுரை படிக்கப்பட்ட 1876 ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம், மைசூர் உள்ளிட்ட பகுதிகளில் பெரும் பஞ்சம் தொடங்கியது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் பல இலட்சம் பேர் மாண்டனர். பஞ்சக் காலத்திலும் தானிய ஏற்றுமதி தொடர்ந்தது.

செல்வச் சுரண்டல் கோட்பாடு

ஒரு நாட்டில் வசூலாகும் வரி அந்நாட்டிலேயே செலவானால் அது ஊதியமாகவும் கொள்முதலாகவும் மக்களிடம் திரும்புகிறது. இந்திய வரியின் ஒரு பகுதியோ அவ்வாறு திரும்பவில்லை. இங்கிலாந்தில் வாழும் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் ஓய்வூதியம், இந்திய அமைச்சக அலுவலகத்தின் செலவு, கடன்களுக்கான வட்டி, இரயில் நிறுவனங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட வட்டி ஆகியன தாயகச் செலவுகள் என்னும் பெயரில் இந்திய வருவாயிலிருந்து வழங்கப்பட்டன. ஆங்கிலேய அதிகாரிகளும் வணிகர்களும் தம் சேமிப்பையும் இலாபத்தையும் தாய்நாட்டுக்கு அனுப்பினர். இவற்றை ஈடுகட்ட இந்தியா இறக்குமதியைவிட அதிகமாக ஏற்றுமதி செய்யவேண்டியிருந்தது. அந்த மிகுதி ஏற்றுமதிக்கு ஈடாக எதுவும் நாட்டுக்குள் வரவில்லை.

முற்காலப் படையெடுப்பாளர்கள் கொள்ளையடித்துச் சென்றாலும் நாடு பின்னர் மீண்டெழுந்தது என்றும், இங்கேயே தங்கி ஆண்டவர்களின் செலவு நாட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது என்றும் நௌரோஜி விளக்கினார். ஆங்கிலேயர் ஆட்சியில் இழப்பு ஓயாமல் தொடர்வதால் மீட்சிக்கு வழியில்லை என்பது இவரது வாதம். பண இழப்புடன் அறிவு இழப்பையும் இவர் சேர்த்துக்கொண்டார். உயர் பதவிகளில் அந்நியரே இருந்தமையால், அவர்கள் பெற்ற அனுபவமும் ஓய்வுக்குப் பின் அவர்களுடனேயே கப்பலேறிவிடுகிறது. இதனாலேயே இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்தவேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தினார்.

போர்களும் இந்தியாவின் கருவூலமும்

நௌரோஜியின் உரைகளில் பேரரசின் போர்ச் செலவு மற்றொரு முதன்மைப் பொருளாக விளங்கியது. 1867–68 இல் அபிசீனியாமீது பிரித்தானியா நடத்திய போருக்கு இந்தியப் படைகள் அனுப்பப்பட்டன. அப்படைகளின் வழக்கமான ஊதியம் இந்தியாவின் கணக்கிலேயே வைக்கப்பட்டது. இந்திய நலனுக்குத் தொடர்பில்லாத போருக்கு இந்திய உழவரின் வரிப்பணத்தைப் பயன்படுத்துவது முறையன்று என 1867 இலேயே நௌரோஜி உரையாற்றினார்.

1878–80 ஆப்கானியப் போர் உருசியாவின் விரிவாக்கத்தைத் தடுக்கும் நோக்கில் நடத்தப்பட்டது. பேரரசின் பாதுகாப்பால் இங்கிலாந்தும் பயன்பெறுவதால், எல்லைக்கு அப்பால் நிகழும் போர்களின் செலவை இரு நாடுகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது இவரது நிலைப்பாடு. போரைத் தீர்மானிப்பதில் இந்தியருக்குப் பங்கில்லை, செலவில் மட்டும் பங்குண்டு என்னும் முரணை இவர் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினார்.

நாடாளுமன்றத்தில்

1874 இல் பரோடா சமஸ்தானத்தின் திவானாகச் சிறிதுகாலம் பணியாற்றியபின், 1885 இல் மும்பைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு காங்கிரசின் தொடக்க மாநாட்டில் கலந்துகொண்டார். 1886 இல் இலண்டனின் ஹோல்பர்ன் தொகுதியில் தாராளவாதக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்டுத் தோற்றார். 1888 இல் பிரதமர் சாலிசுபரி பிரபு அத்தேர்தலைக் குறிப்பிட்டு நௌரோஜியைக் கறுப்பர் என்று இழிவாகப் பேசினார். இங்கிலாந்தில் எழுந்த கண்டனம் நௌரோஜியின் பெயரை நாடெங்கும் அறியச்செய்தது.

1892 தேர்தலில் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் 5 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். மக்களவையில் அமர்ந்த முதல் இந்தியராக இவர் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறார். இவருக்கு முன் 1841 இல் கலப்பு மரபினரான டைஸ் சோம்பர் தேர்ந்தெடுக்கப்பட்டு, தேர்தல் முறைகேட்டின் காரணமாகப் பதவியிழந்தார்.

1893 ஜூன் மாதம், குடிமைப் பணித் தேர்வை இரு நாடுகளிலும் நடத்தக் கோரும் தீர்மானம் மக்களவையில் 84–76 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அரசு அதைச் செயல்படுத்தவில்லை. 1895 இல் இந்தியச் செலவினங்கள் பற்றி ஆராய வெல்பி பிரபு தலைமையில் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. நௌரோஜி அதன் உறுப்பினரானார். அரச ஆணையம் ஒன்றில் இடம்பெற்ற முதல் இந்தியர் இவரே. 1897 இல் அவ்வாணையத்தின் முன் சாட்சியம் அளித்த இந்தியர்களுள் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோருடன் சுதேசமித்திரன் நிறுவனர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். 1900 இல் வெளிவந்த பெரும்பான்மை அறிக்கை சிறு நிவாரணங்களையே பரிந்துரைத்தது. நௌரோஜி, வெடர்பர்ன், கெயின் ஆகிய மூவரும் தனி அறிக்கை அளித்தனர். இதற்கிடையே 1895 தேர்தலில் நௌரோஜி தம் தொகுதியை இழந்திருந்தார்.

நிலைப்பாட்டில் மாற்றம்

1901 இல் தம் உரைகளையும் கட்டுரைகளையும் தொகுத்து நூலாக வெளியிட்டார். வறுமையையும் ஆங்கிலேயப் பண்புக்கு ஒவ்வாத ஆட்சியையும் தலைப்பிலேயே இணைத்த அந்நூல், ஆங்கிலேயரின் கொள்கைக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியை மையமாகக் கொண்டது. 1896 முதல் 1900 வரை அடுத்தடுத்து நேர்ந்த பஞ்சங்கள் இவரது குரலைக் கடுமையாக்கின. 1904 இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த பன்னாட்டுச் சோசலிச மாநாட்டில் இந்தியாவின் நிலையை எடுத்துரைத்தார். அப்போது 78 வயதான இவரைப் பேராளர்கள் எழுந்து நின்று வரவேற்றனர்.

1906 டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். உடல் தளர்ந்திருந்ததால் இவரது தலைமை உரையின் பெரும்பகுதியைக் கோகலே படித்தார். தன்னாட்சியே, அதாவது சுயராஜ்யமே காங்கிரசின் நோக்கம் என்று அவ்வுரை அறிவித்தது. ஆட்சியாளரிடம் சான்றுகளுடன் முறையிட்டால் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் தொடங்கிய நாற்பது ஆண்டு முயற்சி, முடிவெடுக்கும் அதிகாரம் இந்தியரிடமே இருக்கவேண்டும் என்ற முடிவில் வந்து நின்றது.

திறனாய்வு

நௌரோஜியின் கணக்குகள் அக்காலத்திலேயே விவாதிக்கப்பட்டன. 1882 இல் அரசு அதிகாரிகளான பேரிங், பார்பர் ஆகியோர் தனிநபர் வருமானத்தை 27 ரூபாய் என்றும், 1901 இல் கர்சன் பிரபு 30 ரூபாய் என்றும் மதிப்பிட்டனர். சேவைத் துறைகளின் வருவாயை நௌரோஜி தனியே சேர்க்கவில்லை என்பது ஒரு குறையாகக் கூறப்படுகிறது. இரயில் போன்றவற்றில் இட்ட மூலதனத்துக்கான வட்டியைச் சுரண்டலாகக் கொள்ளலாகாது என்றும் சிலர் வாதிட்டனர். சுரண்டலின் அளவு பற்றிப் பொருளியல் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. எனினும், அரசு வெளியிட்ட புள்ளிவிவரங்களைக் கொண்டே அரசின் கூற்றைச் சோதிக்கும் முறையை இந்தியப் பொதுவாழ்வில் வேரூன்றச் செய்தவர் இவர் என்பது பொதுவாக ஏற்கப்படுகிறது. இவரது மதிப்பீட்டை மறுக்க முற்பட்ட அதிகாரிகளும் தாங்களே ஒரு மதிப்பீட்டை வெளியிடவேண்டியதாயிற்று.

இறுதிக்காலமும் நினைவுகளும்

1907 இல் இந்தியா திரும்பிய நௌரோஜி மும்பையை அடுத்த வெர்சோவாவில் ஓய்வாக வாழ்ந்தார். 1916 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1917 ஜூன் 30 அன்று 91 ஆம் வயதில் காலமானார். இவருடைய உரைகளும் எழுத்துகளும் அடங்கிய ஒரு தொகுப்பைச் சென்னையிலிருந்து ஜி. ஏ. நடேசன் நிறுவனம் வெளியிட்டது. இலண்டனில் மாணவராக இருந்தபோது நௌரோஜியின் கூட்டங்களுக்குச் சென்ற காந்தி, 1909 இல் எழுதிய இந்து சுயராஜ்யம் நூலில் இவரது பங்களிப்பை மதித்துப் போற்றினார். பெரின், கோஷி, குர்ஷெத் ஆகிய பேத்திகள் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டனர்.

மும்பையின் முதன்மைச் சாலைகளுள் ஒன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1963 இல் இந்திய அரசு இவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. இலண்டனின் ஃபின்ஸ்பரி பகுதியில் ஒரு தெருவுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. தென்கிழக்கு இலண்டனில் இவர் வாழ்ந்த வீட்டில் 2022 இல் நீல நிற நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.