இசையை அளந்த பள்ளி ஆசிரியர்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல்)

முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகிறோம். இயலைப் பாடமாகப் படிக்கிறோம். நாடகத்தை ஆண்டு விழாவில் நடிக்கிறோம். இசையோ மூன்றாம் பிள்ளையாய் மூலையில் நிற்கிறது. எங்கள் குருசுக்குப்பத்துக் கடலோரத்தில் அம்பாப் பாட்டுக்குப் பொருள் சொல்ல ஆள் தேவையில்லை. பள்ளியில் முறையாக இசை பயிலும் சிறுமியின் நிலை வேறு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் தடையின்றிப் பாடுவாள். கீதத்திற்கு வந்ததும் திகைப்பாள். சுரம் வாயில் நிற்கும். வடமொழியும் கன்னடமுமான சொல் மனத்தில் நிற்காது. இந்த இடர்ப்பாட்டை நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்து மருந்து கொடுத்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். அவர் தொழிலாலும் மருத்துவர்தாம்.

1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். பிடில் வாசிக்கக் கற்றதும் அங்கேதான். 1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டு கணவனும் மனைவியும் தஞ்சைக்கு வந்து ஒரே பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றனர். பெண் கல்வி அரிதாயிருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்க. 1890இல் பள்ளியை விட்டுச் சித்த மருத்துவத்தில் முழுமையாக இறங்கினார். செல்வம் சேர்ந்தது. தஞ்சைக்கு வெளியே கருணானந்தபுரம் என்னும் பெருந்தோட்டம் எழுந்தது. சொந்தமாக அச்சகமும் வந்தது. அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதுதான் வியப்பு!

1907இல் கருணாமிர்த சாகரத் திரட்டு வெளிவந்தது. தொடக்க மாணவர் பயிலும் கீதம் முதலியவற்றைத் தமிழிலேயே இயற்றிச் சுரதாளக் குறிப்போடு அச்சிட்டுத் தந்தார். வகுப்பறையில் நின்று பழகியவருக்கே தோன்றும் எண்ணம் இது. இன்றைக்கு எளிதாகத் தோன்றலாம். மேடையில் தெலுங்கே கோலோச்சிய நாளில் எளிதன்று.

1912 மே 27இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவினார். தம் செலவிலேயே ஏழு இசை மாநாடுகளை நடத்தினார். வித்துவான்களை அழைத்து, விருந்தளித்து, அவர்களிடமே ஐயங்களை எழுப்பி வாதாடினார். ஓர் ஆசிரியர் வகுப்பு நடத்துவது போலத்தான்!

வாதத்தின் மையம் சுருதிக் கணக்கு. ஒரு தாயியில் 22 சுருதிகள் என்பது நெடுநாள் வழக்கு. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையையும் அதன் உரையையும் ஆராய்ந்த பண்டிதர், 24 சம சுருதிகளே பழந்தமிழர் முறை என்றார். 1916 மார்ச்சில் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டிலும் இதையே நாட்டினார். அவர் குடும்பத்துப் பெண்கள் அந்த அவையில் பாடியும் வீணை வாசித்தும் விளக்கினர்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சட்சம் நொடிக்கு 240 அதிர்வு என்று கொள்வோம். இயற்கை விகிதப்படி பஞ்சமம் 360. சமப் பங்கீட்டில் ஏறத்தாழ 359.6. காது இதைப் பொருட்படுத்தாது. அந்தர காந்தாரமோ 300க்குப் பதில் 302.4 ஆகிறது. தம்பூரா மீட்டிப் பாடுகையில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். ஆகவே அவர் முடிவை அறிஞர் பலர் ஏற்காததில் வியப்பில்லை. எனக்கும் அங்கே முழு உடன்பாடு இல்லை. ஆயினும் பழமை என்பதற்காக எதையும் நம்பாமல், நரம்பை அளந்து, எண்ணால் மெய்ப்பிக்க முனைந்தாரே, அந்தத் துணிவைச் சோனாமீட்டரோடு மல்லுக்கு நிற்கும் நாம் அறிவோம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு பெயர்களும் வெறும் மனப்பாடமாக இல்லாமல் ஆய்வுப் பொருளானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

1917இல் கருணாமிர்த சாகரம் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில், அவரது அச்சகத்திலேயே அச்சாயிற்று. 1919 ஆகஸ்டு 31இல் மறைந்து, தம் தோட்டத்திலேயே அடக்கமானார். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியபோதும், 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியபோதும் அவர் இல்லை. அவர் விட்டுச்சென்ற இரண்டாம் தொகுதியைப் பிள்ளைகள் 1946இல் வெளியிட்டனர்.