தாதுசேன மன்னனும் கலாவாவியும்

மாணவர்களே, அநுராதபுர கால நீர்ப்பாசனம் பற்றிய வினாக்களில் மகாசேனனுக்கு அடுத்ததாக நீங்கள் அடிக்கடி சந்திக்கும் பெயர் தாதுசேனன். கலாவாவியைக் கட்டினான், மகனாற் கொல்லப்பட்டான் என்று இரண்டு வரியில் பலர் விடையை முடித்துவிடுகின்றனர். அவ்விரண்டு வரிகளுக்கும் இடையிலுள்ள தொடர்பை விளங்கிக்கொண்டால் முழு விடையும் தானாகவே வரும்.

கி.பி. 5 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னிந்தியாவிலிருந்து வந்த பாண்டு முதலிய அறுவர் அநுராதபுரத்தைக் கைப்பற்றி, ஒருவர் பின் ஒருவராகக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆண்டனர். மோரிய குலத்தைச் சேர்ந்த தாதுசேனன் அக்காலத்தில் பௌத்த துறவியான தன் மாமனின் பாதுகாப்பில் வளர்ந்தான். பின்னர் படை திரட்டிப் பல ஆண்டுகள் போரிட்டு, அறுவருள் இறுதி மூவரையும் தோற்கடித்து முடி சூடினான். இங்கு ஒன்றைக் கவனியுங்கள். அந்த அறுவருட் சிலர் பௌத்த சங்கத்துக்குத் தானம் வழங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. எனவே இப்போரை மதங்களுக்கிடையே நடந்த போராக எழுதுவது பொருந்தாது. ஆட்சியாண்டுகளைச் சில நூல்கள் கி.பி. 455 - 473 எனவும், வேறு சில கி.பி. 459 - 477 எனவும் தருகின்றன. உங்கள் பாடநூலில் உள்ளதையே எழுதுங்கள்.

நீண்ட போரின் பின் கிடைத்த நாடு எத்தகையது? அநுராதபுரம் உலர் வலயத்தில் உள்ளது. அங்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான சில மாதங்களிற் கொட்டித் தீர்ந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை வெயிலும் வறண்ட காற்றும் குளத்து நீரை உறிஞ்சிவிடும். ஆகவே ஆண்டு முழுவதும் விழும் மழையின் அளவை மட்டும் பார்த்து அங்கு நீர் போதும் எனக் கருதக்கூடாது. அபயவாவி, திசாவாவி, நுவரவாவி என்பன முன்னரே கட்டப்பட்டிருந்தன. எனினும் தலைநகர மக்களுக்கும், பெரிய விகாரைகளில் வாழ்ந்த துறவிகளுக்கும், சுற்றியிருந்த வயல்களுக்கும் மல்வத்து ஓயாப் பக்கத்து நீர் மட்டும் போதாமற் போனது.

இதற்குத் தாதுசேனன் கண்ட வழி, இன்னோர் ஆற்றின் நீரைக் கொண்டுவருவதாகும். தெற்கே ஓடும் கலா ஓயாவை மறித்துப் பல கிலோமீற்றர் நீளமான குளக்கட்டை எழுப்பிக் கலாவாவியை அமைத்தான். மேலதிக நீர் கட்டை உடைத்துவிடாமல் வெளியேறக் கருங்கல்லாலான வான் அமைக்கப்பட்டது. குளம் கட்டுவது அக்காலத்தில் புதுமையன்று. குளத்திலிருந்து புறப்படும் வாய்க்காலே வியப்புக்குரியது. ஜயகங்கை அல்லது யோத எல எனப்படும் அது, சுமார் 87 கிலோமீற்றர் வளைந்து சென்று அநுராதபுரத்துத் திசாவாவியை அடைகிறது. அதன் முதல் 27 கிலோமீற்றர் வரையான பகுதியில் நிலச்சரிவு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் மட்டுமே. உங்கள் அடிமட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு! சரிவு கூடினால் நீர் கரையை அரித்துவிடும். குறைந்தால் தேங்கி மண் படியும். இன்றைய அளவைக் கருவிகள் இல்லாத காலத்தில் இதை எவ்வாறு சாதித்தனர் என்று பொறியியலாளர்கள் இன்றும் வியக்கின்றனர்.

இவ்வாய்க்காலுக்குத் தாழ்ந்த பக்கத்தில் மட்டுமே கரை உண்டு. உயர்ந்த பக்கத்தில் விழும் மழைநீர் தடையின்றி வாய்க்காலிற் சேரும். வழியிலுள்ள சிறு குளங்களும் அதனால் நிரம்பின. அதாவது, தலைநகருக்குக் கொண்டுசென்ற நீரில் இடையிலிருந்த கிராமங்களுக்கும் பங்கு கிடைத்தது. தாதுசேனன் கட்டுவித்த குளங்கள் 18 எனச் சூளவம்சம் கூறுகிறது. மன்னாரிலுள்ள கட்டுக்கரைக் குளத்தையும் அவனோடு தொடர்புபடுத்துவோர் உளர்.

இனி அவனது முடிவுக்கு வருவோம். மூத்த மகன் காசியப்பன் அரச குலம் அல்லாத மனைவியின் பிள்ளை. இளையவன் முகலன் பட்டத்தரசியின் பிள்ளை. மருமகனும் சேனாதிபதியுமான மிகார, தாதுசேனனின் மகளைச் சாட்டையால் அடித்தான். சினங்கொண்ட மன்னன் மிகாரவின் தாயை உயிருடன் எரிப்பித்தான். நீர்ப்பாசனத்தில் அவ்வளவு பொறுமை காட்டியவன் இங்கு கொடுமையே செய்தான் எனலாம். பழிவாங்கத் துடித்த மிகார காசியப்பனைத் தூண்ட, மன்னன் சிறையிடப்பட்டான்.

தந்தை செல்வத்தை முகலனுக்காக மறைத்து வைத்திருக்கிறான் என மிகார கூறியதைக் காசியப்பன் நம்பினான். புதையலைக் காட்டும்படி வற்புறுத்தப்பட்ட தாதுசேனன், தன்னைக் கலாவாவிக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டான். அங்கு இறங்கி நீராடியபின், நீரைக் கையில் அள்ளிக் காட்டி, தன்னிடமுள்ள செல்வம் இதுவே என்றான் எனச் சூளவம்சம் கூறும். அந்த விடையால் அவன் உயிர் தப்பவில்லை. அவனைச் சுவருள் வைத்து மண் பூசிக் கொன்றனர். குளக்கட்டு வேலையின்போது தியானத்திலிருந்து எழாத ஒரு துறவியின் தலைமீது மண் கொட்டச் செய்த வினையே இம்முடிவுக்குக் காரணம் எனவும் அந்நூல் கூறுகிறது. அது நூலாசிரியரின் சமய நோக்கு. விடையில் அவ்வாறே குறிப்பிடுக.

முகலன் இந்தியாவுக்குத் தப்பியோடினான். காசியப்பன் சிகிரியாவில் 18 ஆண்டுகள் ஆண்டான். தந்தையின் குளத்து நீரை மதிக்காத அவனுக்கு, சிகிரியாவின் அழகிய நீர்ப்பூங்காவை அமைக்க அதே நீர்நுட்பமே கைகொடுத்தது.

பிற்காலத்தில் உடைந்து காடு மண்டிய கலாவாவி, தேசாதிபதி ஆதர் கோர்டன் காலத்தில் 1887 இல் மீளமைக்கப்பட்டது. 1976 இல் பொல்கொல்லத் திசைதிருப்பல் தொடங்கியபின் மகாவலி நீரும் போவத்தென்ன வழியாக அதனை வந்தடைகிறது. படம் குறிக்கும் வினாவில் கலாவாவியை அநுராதபுரத்துக்குத் தெற்கே குறியுங்கள். வடக்கே குறித்தால் ஜயகங்கை தலைகீழாக ஓட வேண்டியிருக்கும்.