நூலகங்கள் உருவாக்கிய பேரறிஞர்

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மௌ நகரில் பிறந்த அண்ணல் அம்பேத்கரைச் சட்டமேதையாக நாம் அறிவோம். ஆராய்ச்சி மாணவராக அவர் பட்ட பாட்டினை ஈண்டு நினைவுகூர்வோம்.

பள்ளியிலே சாக்குத்துணியில் தனித்து அமர்த்தப்பட்ட அவர், பரோடா மன்னர் சாயாஜிராவ் வழங்கிய உதவித்தொகையால் 1913-இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே நூலகக் கதவு எல்லார்க்கும் போலவே அவருக்கும் திறந்தது. 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார், மறு ஆண்டு இலண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார்.

1917-இல் உதவித்தொகைக் காலம் முடியவே, ஆய்வைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. தனியே அனுப்பிய அவருடைய நூல்கள், போரில் கப்பல் தாக்குண்டமையால் கடலில் மூழ்கின. ஆயினும், நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டு வந்து ஆய்வைத் தொடர அக்கல்லூரி இசைவளித்திருந்தது.

பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிச் சேமித்த பொருளோடும், கோல்காப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியோடும் 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் காலை முதல் மாலை வரை பசி பொறுத்துப் பயின்றார். பேராசிரியர் எட்வின் கேனன் வழிகாட்ட, ரூபாய்ச் சிக்கலை ஆராய்ந்து 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். பின்னாளில் தாதரில் எழுப்பிய ராஜகிருக இல்லத்தில் நூல்களுக்கே பேரிடம் ஒதுக்கினார்.

இளைஞர்களே! பொருளுதவியும், ஆசிரியர் துணையும், நூலகத்தில் ஓர் இருக்கையும் அவருக்குக் கிடைத்தன. உழைப்பை அவரே தந்தார். பல்கலைக்கழக நூலகத்தில் இன்று நமக்கும் இருக்கை உண்டு. அதனை வெறிதே கிடக்க விடலாமோ?